சேற்றுப் புட்டி

ரோஸ்வித்தா வாயிலிருந்த சிவப்பு ஒயினை வாளியில் துப்பினாள்.

நல்லதோ கெட்டதோ, ருசி பார்ப்பவள் விழுங்கக்கூடாது. முப்பது வருடப் பழக்கம்.

புட்டியைக் கொண்டுவந்தவன் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரன் ஃபோல்கர். நிலவறைத் தரையைப் பெயர்த்தபோது சேற்றுக்குள் கிடைத்ததாம். யாருடையது என்று பார்த்துச் சொல்லச் சொன்னான்.

வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் ஏறியதிலிருந்து ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் இப்படித்தான். லேபிள் கரைந்த புட்டி எங்கே கிடைத்தாலும் அவளிடம் வரும். எந்தச் சரிவுப் பழம், யார் வீட்டுப் பீப்பாய் என்று அவள் நாக்கு சொல்லிவிடும். அவள் வீட்டுக் கதவை யாராவது தட்டுவதும் அதற்காக மட்டும்தான்.

இது பிடிபடவில்லை.

“எங்க வீட்டுச் சரக்கு இல்ல. பழத்த அவசரப்பட்டுப் பறிச்சிருக்கான். மரவாடை வேற தூக்கலா இருக்கு. எவனோ கத்துக்குட்டி.”

வேறு நாளாக இருந்தால் ஃபோல்கர் இந்நேரம் நக்கலடித்திருப்பான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அவன் நிலவறைப் பக்கம் அவள் போவதே இல்லை. தண்ணீர் வந்த அன்று அவள் கணவன் எகோன் தன் வீட்டு மாடியிலேயே இருந்திருக்கலாம். மறுநாள் அவன் உடலைத் தூக்கியது ஃபோல்கரின் நிலவறையிலிருந்து. அங்கே என்ன வேலை அவனுக்கு? இரண்டு வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். தெரியாது என்பான் ஃபோல்கர்.

ஒயின் செய்வது அவள்; எகோனுக்குத் தோட்டச் சரிவில்தான் வேலை. கொடி வெட்டினான், மருந்தடித்தான், முதுகில் கூடை சுமந்தான். பீப்பாய்ப் பக்கம் அவள் விட்டதில்லை. மண் கையோடு உள்ளே வராதே என்று விரட்டுவாள். சிரித்துக்கொண்டே போவான்.

ஃபோல்கர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“எகோன் செஞ்சது, ரோஸி. உனக்குத் தெரியாம என் எடத்துல வச்சிருந்தான். ஒரு நாளாவது உன்னத் துப்பாம குடிக்க வைக்கணும்னு சொல்லிட்டே இருப்பான்.”

அன்று எகோன் எதை எடுக்கக் கீழே இறங்கினான் என்று அவள் கேட்கவில்லை.

ஃபோல்கர் போன பிறகு இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டாள். அதே அவசரப் பழம், அதே மரவாடை.

தலை தானாக வாளிப் பக்கம் குனிந்தது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.