விலாவுக்கு அடியிலிருந்து

கிழவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

அப்பாடா என்றிருந்தது ரூபிணிக்கு.

ஆக்சிஜன் மாஸ்க் வாயை மூடியிருந்ததால் அவரால் பேச முடியவில்லை. கேட்டதெல்லாம் இவள்தான். அதுவும் பல்கேரிய மொழியில். தருமபுரியிலிருந்து டாக்டருக்குப் படிக்க வந்தவளுக்கு வார்டில் இன்றுதான் முதல் நாள்.

ஒரு வாரமாகவே உதறல். அந்த மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் குட்டிச் சொற்கள்தான் அவளுக்கு எமன். 'இஸ்' என்றால் உள்ளிருந்து. 'பொத்' என்றால் அடியில். இரண்டையும் ஒட்டினால் 'இஸ்பொத்', அடியிலிருந்து. பின்னாலிருந்து என்பதற்கு இன்னொரு ஒட்டு. மாற்றிச் சொல்லி மானம் போய்விட்டால்?

போகவில்லை. வலி விலாவுக்கு அடியிலிருந்து வருகிறதா, தோள்பட்டைக்குப் பின்னாலிருந்து வருகிறதா, எல்லாம் பிசகாமல் கேட்டாள். கடைசியாக, பென்சிலின் ஊசி உடம்புக்கு ஆகாமல் போனதுண்டா என்றாள்.

அதற்குத்தான் அந்தத் தலையாட்டல்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடலாம்," என்று நர்ஸ் ராட்காவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

லிஃப்ட் வாசலில் ஒரு பெண்மணி.

"கீழேதானே போறீங்க?"

அந்தம்மா தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே உள்ளே ஏறினாள்.

லிஃப்ட் கதவு மூடியது. ரூபிணி ஏறவில்லை.

இந்த ஊரில் அப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தம். வந்த முதல் வாரமே தெரிந்த விஷயம். கடையில், பஸ்ஸில், எத்தனை தடவை சிரித்திருக்கிறாள்! பாழாய்ப்போன ஒட்டுச் சொற்களைக் கட்டிக்கொண்டு அழுததில் இது எப்படி மறந்தது?

ஓடினாள்.

கிழவரின் கையில் குத்தியிருந்த குழாயில் ராட்கா மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நிறுத்து என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல்? தெரியும். நன்றாகத் தெரியும். வாயில் வரவில்லை.

"ஐயோ, போடாதீங்க!"

ராட்காவுக்குத் தமிழ் எங்கே தெரியும். ஆனாலும் கட்டைவிரல் நின்றுவிட்டது.

"நீதானே போடலாம்னு சொன்னே?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலில் பேராசிரியர்.

உண்மையைச் சொன்னால் இனி இந்தப் பக்கமே விடமாட்டார்கள். படிப்பு அவ்வளவுதான்.

சிரிஞ்சில் மருந்து பாதிதான் மீதி இருந்தது.

"அவர் ஆமாம்னுதான் சொன்னார்," என்றாள் ரூபிணி. இப்போது அவர்கள் மொழியே வந்தது. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

ராட்கா அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. அவசர மணியை அழுத்தினாள்.