கீழ் வீட்டுப் புகார்

காலிங்பெல் மறுபடியும் அடித்தது.

"அந்தம்மாவாத்தான் இருக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள் மகள்.

கீழ் வீட்டு அம்மாளேதான். இடுப்பில் கை.

"உங்க கார் பார்க்கிங் கோட்டைத் தாண்டி நிக்குது. வந்து நகர்த்தச் சொல்லு."

"நேத்தும் அதே இடத்துலதானே நின்னுது, ஆன்ட்டி?"

"நேத்து நான் பார்க்கல."

"சரி, சாவி எடுத்துட்டு வரேன்."

"நீ வேண்டாம். தூண்ல இடிச்சு வெச்சிடுவ. உங்கப்பாவை வரச் சொல்லு."

மகளுக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மா போய் முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. வயிற்று வலி, ஏதோ வாயுக் கோளாறு என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவளை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் பேசி முடிப்பதற்குள் அவளே முடிந்துபோனாள்.

வெளியூரிலிருந்து ஓடி வந்த மகள் இன்னும் திரும்பிப் போகவில்லை. எப்படிப் போவாள்? அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்தார். அவருடைய டிரைவிங் ஸ்கூல் பூட்டிக் கிடந்தது. தட்டை நீட்டினால் இரண்டு வாய், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் அவள் தலையில். ஹீட்டர் ரிப்பேர். மெக்கானிக், "இதோ கிளம்பிட்டேன்" என்று திங்கட்கிழமையிலிருந்து கிளம்பிக்கொண்டே இருந்தார். ஆபீஸ் மேனேஜர், "ஒண்ணும் அவசரமில்ல, எப்ப வருவீங்க?" என்று தினமும் அவசரமாகக் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பதிவுக் குரல் போன் செய்து, அம்மாவை அடுத்த சிகிச்சைக்கு மறக்காமல் வரச் சொல்லியது. வர விருப்பமென்றால் ஒன்றை அழுத்தவும், தேதியை மாற்ற இரண்டை அழுத்தவும். ஆள் இல்லை என்று சொல்ல எதை அழுத்துவது?

இத்தனைக்கும் நடுவில் கீழ் வீட்டுப் புகார் வேறு. நாற்காலி இழுக்கிற சத்தம் தாங்கவில்லையாம். செடிக்கு ஊற்றிய தண்ணீர் துணியில் சொட்டுகிறதாம். படியில் யார் செருப்பை விட்டது? இன்றைக்குக் கார்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஆன்ட்டி."

"உடம்புக்கு என்ன? ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கிறவர்னு பேரு. ஒரு காரை நேரா நிறுத்தத் தெரியல!"

உள்ளே கேட்க வேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. கேட்டும்விட்டது. நாற்காலி கிரீச்சிட்டது.

"யாருக்கு நிறுத்தத் தெரியல?" அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இந்த ஊர்ல பாதிப் பேருக்கு பிரேக் எது, கிளட்ச் எதுன்னு சொல்லிக் கொடுத்தவன் நான்!"

"அதான் பாதிப் பேர் இந்த லட்சணத்துல ஓட்டறாங்க."

அப்பா ஆணியில் தொங்கிய சாவியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே அந்த அம்மாளும். கீழே ஒரே ரகளை.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!"

"கோடு தெரியலைன்னா கண்ணாடி போடுங்கம்மா!"

மேலேறி வந்தபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "இந்தம்மாவோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று நாற்காலியில் விழுந்தார்.

சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தாள் மகள். முடியவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போய்க் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, ஆன்ட்டி? பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன்கிட்டப் போய்ச் செருப்பு, கோடு, சொட்டுத் தண்ணின்னு! எங்கம்மா யார்கிட்டயாவது ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியிருப்பாங்களா? அவங்க முகத்துக்காகவாவது எங்களைக் கொஞ்சம் நிம்மதியா விடக் கூடாதா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து அவளுக்கு அழக்கூட நேரம் கிடைத்திருக்கவில்லை. வாசலில் நின்றபடியே அழுதாள்.

கீழ் வீட்டு அம்மாள் கதவை அகலத் திறந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"காரை நிறுத்திட்டு மேல வந்து அப்பா என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணுவாரு? உங்களைத் திட்டினாரு."

"எவ்வளவு நேரம்?"

மகள் யோசித்தாள். மத்தியானம் சாப்பிட்டு முடிக்கும்வரை திட்டிக்கொண்டேதான் இருந்தார். திட்டுகிற மும்முரத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று நீட்டினார். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என் வீட்டுக்காரரும் இதே வியாதியிலதான் போனாரு" என்றாள் கீழ் வீட்டு அம்மாள். "நான் இந்தக் கதவையே திறக்கல. ஆறுதல் சொல்ல வந்தவங்க அத்தனை பேரும் பெல்லடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. ஒருத்தங்க மட்டும் தினம் வந்து கதவை இடிப்பாங்க. உன் குழாய் சத்தத்துல என் தூக்கம் போச்சும்பாங்க. உன் துணி எதுக்கு என் கொடியில கிடக்குதும்பாங்க. எனக்கு வந்துச்சு பாரு கோபம்! அவங்களுக்கு நாலு வார்த்தை பதில் சொல்லணும்னுதான் படுக்கையை விட்டே எழுந்தேன். எதுக்கு அப்படிப் பண்ணாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது."

"யார் ஆன்ட்டி அது?"

கீழ் வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாதான். அவங்க அளவுக்கு எனக்குச் சண்டை போட வரல."