ஆறு மணிக்கு அன்னம் கிளம்பும்

"ஏம்ப்பா, பார்த்து. வாங்கி இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை. ஒரு ஒயரை வெட்டினாலும் எனக்குப் பிராணன் போயிடும்" என்றான் கிச்சா.

அவன் பேசியது, தன் புது டாட்டா சுமோவின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிடம்.

"வெட்டப் போறதில்லை" என்றது கீழிருந்து ஒரு குரல். "யாரோ முறுக்கி வெச்சதைப் பிரிக்கிறேன். ஃப்யூஸ் போனதே அதனாலதான்."

அந்த யாரோ கிச்சாதான்.

அபிராமபுரத்துக் கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டில், சுமோவின் பின்னால் ஓர் அன்னப்பட்சி ரதம் நின்றது. அன்று மாலை ஜானவாசம். மாப்பிள்ளை பிரணவை லஸ் பிள்ளையார் கோயிலிலிருந்து அந்த ரதத்தில் உட்காரவைத்து ஊர்வலமாக அழைத்து வரவேண்டும். ரதத்தை இழுக்கும் ஜீப்போ, அதைக் கொண்டுவந்து சேர்த்த கையோடு மண்டப வாசலிலேயே படுத்துவிட்டது. பெண்ணுக்குத் தாய்மாமன் என்ற முறையில் கிச்சா தன் வண்டியைக் கொடுத்தான். ஜீப்பின் கொக்கியைக் கழற்றி அதில் பொருத்தியும் ஆயிற்று.

வெளிச்சம்தான் சிக்கல். ரதத்தின் விளக்குகளுக்கு இணைப்புத் தரும் வசதி ஜீப்பில் இருந்தது, சுமோவில் இல்லை. கிச்சா, சுமோவின் பின்விளக்கு ஒயரோடு ரதத்தின் ஒயரைத் தானே முறுக்கிப் பார்த்தான். அன்னம் ஒருமுறை கண் சிமிட்டியது. அடுத்த கணம் இரண்டு வண்டிகளும் இருண்டன. ஷண்முகவேல் என்ற எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு உள்ளே போய்த் திரும்பியபோது, வேலை தொடங்கியிருந்தது.

"இதெல்லாம் முன்னே பின்னே செஞ்சிருக்கியா?"

"ஆயுசு பூரா ஒயரோடதான்."

"அப்போ சொல்லு. ஜீப்புல எரிஞ்சது இதுல ஏன் எரியலை?"

"பின்விளக்கு ஒயர் அந்த விளக்குக்குத் தாங்கற அளவுக்குத்தான் போட்டிருக்கும். ரதத்து பல்பையெல்லாம் அது தலையிலயே ஏத்தினா? பேட்டரியிலேருந்து தனி லைன் இழுத்து, தனி ஃப்யூஸ் வெச்சாச்சு. நடுவுல ஜீப்புலேருந்து கழட்டின ரிலே ஸ்விட்ச். இனிமே உங்க ஒயர் உத்தரவு மட்டும் போடும். சுமையை பேட்டரி தூக்கும்."

கிச்சாவுக்குச் சிரிப்பு வந்தது. "எங்காத்துக் கல்யாணமும் அப்படித்தான். உத்தரவெல்லாம் சம்பந்தி, சுமையெல்லாம் எங்க அத்திம்பேர்."

கீழே ஸ்பானர் சத்தம் நின்றது. "அப்படியா?"

"சம்பந்தி திருச்சியில ஏதோ ஒர்க்‌ஷாப்புல பெரிய அதிகாரியாம். 'ஆறுன்னா ஆறு. அதுக்குள்ள ரதம் கிளம்பலைன்னா நாங்க அடுத்த ரயிலைப் பார்த்துண்டு போயிடுவோம்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அத்திம்பேர் பயத்துல காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. நான் பெங்களூர்லேர்ந்து வந்து இறங்கினதும் இந்த அன்னத்தோட மல்லுக்கு நிக்கறேன். அந்த மனுஷரை இன்னும் பார்க்கலை. சிரிக்கவே தெரியாத மூஞ்சின்னு கேள்வி."

"பிறவியிலேயே மூஞ்சி அப்படி இருந்தா, என்ன பண்றது?"

"இருந்துட்டுப் போகட்டும். அதுக்காகப் பெண்ணைப் பெத்தவரைப் பட்டினி போடலாமா?"

கீழே மறுபடியும் ஸ்பானர் சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்து, "குடிக்க ஏதாவது கிடைக்குமா?" என்றது குரல்.

கிச்சா உள்ளே போய்க் காபி கொண்டுவந்தான். முகமெல்லாம் கிரீஸும், அழுக்கு பனியனும், மடித்துக் கட்டிய லுங்கியுமாக அவர் வெளியே நகர்ந்து வந்தார். அறுபது வயதிருக்கும். டம்ளரை உதட்டில் படாமல் உயர்த்திக் குடித்தார். வேலைக்கு வந்த இடத்தில் இவ்வளவு ஆசாரம் பார்க்கிறாரே என்று கிச்சா மனத்துக்குள் மெச்சிக்கொண்டான்.

"சர்க்கரை தூக்கல்" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"சும்மா வர்ற காபிக்கு இவ்வளவு கறாரா?" என்றான் கிச்சா.

அவர் மறுபடியும் வண்டிக்கடியில் நுழைந்தார். "போய் உட்கார்ந்து லைட்டைப் போடுங்க."

கிச்சா ஸ்விட்சைத் தட்டினான். பக்கத்துக் கண்ணாடியில் அன்னத்தின் இரு கண்களும் ஒளிர்ந்தன. இறக்கைகளின் ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்தது. பிரேக்கை மிதித்தபோது, பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. சுமோவின் ஃப்யூஸ் போகவில்லை.

அவன் துள்ளிக் குதித்து இறங்கிய நேரத்தில், அவனுடைய அத்திம்பேர் ஸ்ரீகிருஷ்ணன் அங்கவஸ்திரம் நழுவ ஓடிவந்தார்.

"மோசம் போயிட்டோம்டா கிச்சா. சம்பந்தியை ரூம்ல காணோம். மண்டபம் பூரா தேடியாச்சு. ரதம் எரியலைங்கறது காதுல விழுந்திருக்கும். கோவிச்சுண்டு கிளம்பிட்டார் போலிருக்கு" என்றார்.

"எரியறதே அத்திம்பேர், பாருங்கோ" என்று கிச்சா திரும்புவதற்குள், ஒரு சைக்கிள் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிய இளைஞன் ஒருவன் இறங்கினான்.

"நாந்தான் சார் ஷண்முகவேல். வர்றதுக்கு லேட்டாயிட்ச்சி. இன்னா சார் இது, அல்லாம் எரிஞ்சிக்கினு கீது? யாரு சார் கட்டினது?"

கிச்சாவின் பார்வை மெல்லக் கீழே இறங்கி, சுமோவுக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால்களில் போய் நின்றது.

"நான் எங்கேயும் போகலை, ஸ்ரீகிருஷ்ணன். ஆறு மணின்னு உத்தரவு போட்டவன் கொஞ்சம் சுமையும் தூக்க வேண்டாமா? நீங்க முதல்ல போய்ச் சாப்பிடுங்கோ. அப்படியே உங்க மச்சினரை ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லுங்கோ, இந்தச் சிரிக்கத் தெரியாத மூஞ்சியைத் துடைச்சுக்கணும்" என்றபடி வெளியே வந்தார், மாப்பிள்ளையின் அப்பா.