கடைசி வாரத்து இளவரசி

“இளவரசி இன்னா செஞ்சா, சீக்கிரம் படி,” என்றார் மேஸ்திரி.

ஒரு கையில் கஞ்சிக் கரண்டி, மடியில் வாரப் பத்திரிகை. எனக்கு இருப்பது இரண்டு கைதான். ஒரு கரண்டி ஊட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

மேஸ்திரி என் புருஷன். ஹார்பரில் நாற்பது கூலியாட்களை மேய்க்கிறவர். கண்ணில் புரை எடுத்து, இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைத்தால் பார்வை போய்விடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து மல்லாந்து கிடந்தார். ராயபுரத்தில் பாதிப் பேர் பயப்படுகிற மனிதருக்கு நான் ஊட்டினால்தான் சோறு.

அந்தப் பத்திரிகையில் வரும் தொடர்கதை என்றால் அவருக்கு உயிர். எதிரி நாட்டு இளவரசியை ஒரு ராஜா வாயைப் பொத்திக் குதிரையில் தூக்கிவந்து கோட்டையில் அடைத்துவைக்கிறான். அவள் அழுகிறாள், பட்டினி கிடக்கிறாள். அவன் விடுவதாயில்லை.

குடும்பப் பெண்கள் படிக்கிற கதையா இது என்று பத்திரிகைக்குப் பாதிப் பேர் எழுதினார்கள். வீரனுடைய காதல் அப்படித்தான் இருக்கும் என்று மீதிப் பேர். திருச்சியிலிருந்து ஒருத்தி, தன்னையும் இப்படி ஒருவன் தூக்கிப்போக மாட்டானா என்று கேட்டிருந்தாள்.

அவள் வாயில் மண்ணைப் போட.

அந்தக் கடிதத்தை மேஸ்திரி டீக்கடையில் யாரையாவது விட்டு உரக்கப் படிக்கவைப்பார். “இளவரசி வழிக்கு வந்துடுவா பாரு. எங்க கெங்கம்மா வர்ல?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்தக் கெங்கம்மா வந்தது ஜட்கா வண்டியில். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம். நெட்டுக்குப்பத்தில் இறால் கூடையோடு போய்க்கொண்டிருந்த என்னை ஆள் வைத்துத் தூக்கினார். கத்தினாலும் கேட்க ஒரு நாதியில்லை. திருவொற்றியூர் வருவதற்குள் என் முன்பல் இரண்டு போயிருந்தது. இராத்திரி வெளியே தங்கின பெண்ணை எவன் கட்டுவான் என்று மறுநாள் என் நைனாவே தாலிக்கயிறோடு வந்து நின்றார்.

இதைத்தான் மேஸ்திரி காதல் கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் சாக வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. மன்னிப்பும் வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. அந்த ஜட்காவில் நான் பயந்த மாதிரி ஒரே ஒரு தடவை அவர் என்னிடம் பயப்பட வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும்.

நிதானமாகப் படித்தேன். இளவரசி அழுகையை நிறுத்தினாள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். ராஜாவுக்கு அவளே பரிமாறினாள்.

“நான் சொல்லல?” என்று மேஸ்திரி சிரித்தார். சிரித்த வாயில் இன்னொரு கரண்டி ஊட்டினேன். விழுங்கினார்.

ராஜா சாப்பிட்டான். தொண்டை எரிகிறது என்றான். தண்ணீர் கேட்டான். இளவரசி எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தன்னைத் தூக்கிவந்த நாளை ஒன்றுவிடாமல் அவனுக்கு எடுத்துச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் கண் நிலைகுத்திவிட்டது. முற்றும்.

அடுத்த கரண்டியை நீட்டினேன். உதடு திறக்கவில்லை.

“அப்டி எழுத மாட்டான். ரோஸ்மேரியக் கூப்டு, அது படிக்கட்டும்.”

பத்திரிகையை மூடி மடியில் அமுக்கிக்கொண்டேன். பக்கத்துப் போர்ஷன் ரோஸ்மேரி எங்கள் பத்திரிகையை இரவல் வாங்கிப் படிப்பவள். இந்த ராஜாவுக்காக என்னோடு சண்டையே போட்டிருக்கிறாள். அவள் புருஷன் ஜேக்கப் ரயில்வே கிளார்க். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் குடை பிடிக்க அவள் நடந்துபோவதைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் என்று தெருவே சொல்லும்.

கூப்பிடுமுன் வந்து நின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். இங்கே இருமினால் அங்கே கேட்கும்.

பத்திரிகையைக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் பாதிக்குப் படம். இளவரசி வெட்கப்பட்டுக்கொண்டே ராஜா கழுத்தில் மாலை போடுகிறாள். அவன் காலடியே அவளுக்குச் சொர்க்கம் என்று கீழே அச்சடித்திருக்கிறது. விஷமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

ரோஸ்மேரி படத்தைப் பார்த்தாள். என் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா போட்டுக்கீது, சொல்லேன்.” மேஸ்திரியின் குரல் உடைந்திருந்தது. என் காதுக்கு அது தேனாக இருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ராஜா தண்ணீர் கேட்டான். இளவரசி எழுந்திருக்கவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தை குறையவில்லை.

மூடிவிடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை.

“ஒரே நாள்ல இல்லண்ணே. தெனம் கொஞ்சம் கொஞ்சமா வெச்சாளாம். ராஜாவுக்கு ருசியே தெரிலயாம்.”

மேஸ்திரியின் கை மெல்லத் தொண்டைக்குப் போனது. நான்கு நாளாக என் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். நான் பார்த்தேன், கண் குளிரப் பார்த்தேன்.

ஆனால் அந்தக் கடைசி வரியை நான் சொல்லவில்லை. அது என் கதையில் இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, காப்பி என்ன ஆயிற்று என்று ஜேக்கப் கேட்டார்.

“தோ எடுத்தாறேங்க,” என்று பணிவாகச் சொல்லிவிட்டு ரோஸ்மேரி எழுந்து போனாள்.