சாக்கு போதாத உச்சிப்படி

மாலை வெயில் தச்சர் செய்த பூனை ஏணியின் மேல் விழுகிறது. ஒடிந்த காலின் கட்டைப் பிரித்த நாளிலிருந்து பயந்து கட்டிலுக்கடியே கதியென்று கிடந்த பூனை மறுபடி ஏறிப் பழகுவதற்கான ஏணி. பழக்கதோஷத்தில் படிகளை வழவழவென்று இழைத்துப் பாலீஷும் போட்டுவிட்டார். நேற்று முதல் படியிலேயே பூனை வழுக்கி விழுந்தது. "ஏணி செஞ்சீங்களா, சறுக்குமரம் செஞ்சீங்களா?" என்று மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். இன்று படிகளில் கோணிச்சாக்கு அடித்திருக்கிறார், உச்சிப்படிக்கு மட்டும் போதவில்லை. பூனை சாக்கில் நகம் பதித்து ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. வாயில் ஆணிகளைக் கவ்வியபடி தச்சர் மூச்சுவிடாமல் பார்க்கிறார். உச்சிக்குப் போன பூனை சோம்பல் முறித்து, பளபளக்கும் பலகையில் பறபறவென்று நகத்தால் கீறுகிறது. "ஐயோ, உங்க பாலீஷு!" என்று மனைவி பதறுகிறாள். பாலீஷில் ஈ உட்கார்ந்தாலே எரிந்துவிழும் மனிதர், ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுச் சொல்கிறார்: "இன்னும் நல்லா கீறட்டும்."