பேனல் மேல் கருவாடு

சத்தியமாய்ச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் இனி என் இலையில் மீனே விழாமல் போகட்டும்! வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற சொர்ணம் வீட்டு மாடியில் அன்றைக்குக் கூடிய காக்காய்களால் தெருவே இருட்டிவிட்டது. பாதிப் பேர் கிரகணம் என்று சோற்றுப் பானையை மூடிவிட்டார்கள்.

மாடி ஏறிய ஹேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோலார் கம்பெனியில் பழுது பார்க்கிற பெண் அவள். பேனல் முழுக்கக் கருவாடு. கருவாட்டின் மேல் காக்காய். மிச்ச இடமெல்லாம் எச்சம்.

"அக்கா! போன வாரந்தானே தலைபாடா அடிச்சிக்கிட்டேன்? இது என்னா, கருவாடு காயப்போடற இடமா?"

கீழே மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த சொர்ணம் நிமிரவே இல்லை.

"வெயிலுக்குத்தானே பொண்ணே வெச்சீங்க? சும்மா கெடக்குதேன்னு போட்டேன்."

"சும்மாவா? கடன் வாங்கிப் போட்ட பேனலு அக்கா இது! இப்படி மூடி வெச்சா கரண்டு எங்கேருந்து வரும்? பில்லு ஏறாதா?"

"அதுக்குத்தான் கம்பெனிக்குப் போன் போட்டு உன்னை வரச்சொன்னேன். கழுவு, கழுவு."

ஹேமலதா பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைத் திறந்தாள். என்ன கொடுத்தாலும் இந்த ஜனங்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியாது என்று முணுமுணுத்தாள். அதற்குமேல் திட்டவும் முடியாது. மில் மூடியதிலிருந்து வீட்டோடு இருக்கிற அப்பாவுக்கும் சேர்த்து இந்த வேலைதான் சோறு போடுகிறது. அதற்கும் மேனேஜர் போன மாதம் வேட்டு வைக்கப் பார்த்தார். இதே மாடியில் அவள் நிற்கும்போதுதான் போன் வந்தது.

"உன் ஏரியாவுல புகாரே இல்லையேம்மா. அங்க எதுக்குத் தனியா ஒரு ஆளு?"

ஸ்பீக்கரில் இருந்த போன், தெருமுனை வரைக்கும் கேட்டது.

இப்போது கீழே வேறொரு குரல். கருவாட்டுக்காரி பாக்கியலட்சுமி.

"ஏண்டி சொர்ணம், சோலார் போட்டு ஃப்ரீசர் ஓட ஆரம்பிச்சதிலேருந்து உன் மீனு ஒண்ணுகூட மீந்து கருவாடாவறதில்ல. அப்புறம் என்னாத்துக்குடி வாராவாரம் எங்கிட்ட கருவாடு வாங்கற?"

"மெள்ளப் பேசுடி! அந்தப் பொண்ணு மேல நிக்குது. புகார் போவலன்னா அதை வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களாம்."

மாடியில் குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

"மறுபடி அதே வீடா? என்னம்மா கோளாறு?"

ஹேமலதா குழாயை மூடினாள்.

"காக்கா சார். ரொம்பக் காக்கா. நான் வாராவாரம் வந்து பாத்தாத்தான் சரிப்படும்."

அந்த மேனேஜர் உங்களுக்குத் தெரிந்தவராய் இருந்தால், தயவுபண்ணி வாயைத் திறந்துவிடாதீர்கள். யார் சொன்னது என்று அவர் குடைந்தால், அதுவும் காக்காய்தான்!