மஞ்சள் கரு

அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவை மட்டும் ஸ்பூன் நுனியால் தோண்டித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள் மகள்.

எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவும் அதையேதான் செய்தார்.

இன்றைக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை என்று சித்தி காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

அவள் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வந்த அன்றே சமையலறையில் எண்ணெயைத் தேடினாள். இல்லை. வெண்ணெய் இல்லை, வேர்க்கடலை இல்லை, எள் இல்லை. கணவனின் மூத்த தாரம் குளியலறையில் விழுந்து மூச்சை விட்டவள் என்பது அவளுக்கு முன்பே தெரியும். கொழுப்பு நெஞ்சை அடைத்துவிட்டது என்று சொன்னது மகள்தான். அம்மா போன மறுநாள் எண்ணெய்ப் பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்ததாகவும் சொன்னாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

வந்த புதிதில் ஒருமுறை, மகள் ஏதோ எதிர்த்துப் பேசியதற்கு, உனக்குக் கொழுப்பு ஜாஸ்திடி என்று சித்தி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். மகளின் முகம் வெளுத்துப்போனது. அன்றைக்கு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் சித்தியை உறுத்திக்கொண்டே இருந்தது.

மகள் குளிக்கப் போனால் அப்பா கதவுக்கு வெளியே வந்து நின்றுகொள்வார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றால் உடனே ஏதாவது கேட்பார். சோப்பு இருக்கிறதா, துண்டு எடுத்துக்கொண்டாயா என்று. பதில் வந்த பிறகுதான் நகர்வார்.

சித்திக்குத் தொழில் தையல். போன வாரம் மகளின் பள்ளிப் பாவாடையை எடுத்து அளவு பார்த்தாள். வளரும் பிள்ளைகளின் துணியை வருஷா வருஷம் பிரித்துத்தான் விடுவார்கள். இதை இடுப்பில் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. சீப்பில் கொத்தாக வந்த முடி, வெடித்த உதடு, நின்றுபோன மாதவிலக்கு எல்லாம் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன.

கணவனைக்கூடக் கேட்காமல், நேற்று அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். கொழுப்பு மிஞ்சினாலும் ஆபத்து, அறவே இல்லாவிட்டாலும் ஆபத்து என்றார். சில சத்துகள் கொழுப்போடு சேர்ந்து போனால்தான் உடம்பில் ஒட்டுமாம். பொரித்ததையும் வறுத்ததையும் அள்ளிப் போட வேண்டாம். சமையலில் அளவாக எண்ணெய், தினமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பாதாமோ, வாரத்தில் இரண்டு நாள் மீன், முழு முட்டை. இதோடு வயிறாரச் சாப்பாடு. முழு முட்டை என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

மகள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

ஆட்டிய தலைதான் இப்போது தட்டின் மேல் குனிந்திருந்தது.

"ஏங்க, முதல்ல நீங்க சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டா அவளும் சாப்பிடுவா," என்றாள் சித்தி.

அப்பா ஒதுக்கி வைத்த கருவை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

மகள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். உடும்புப் பிடி. எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"வேண்டாம்பா. நீங்களும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

சித்திக்குச் சுருக்கென்றது. வயதுப் பிள்ளை, இளைக்க ஆசைப்படுகிறாள் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

அப்பா தன் மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்களைப் பார்த்தார். ஒல்லியான, நகம் நீலம் பாரித்த விரல்கள். அவற்றை முன்பே ஒருமுறை பிடித்துப் பார்த்தவர்போல அவர் முகம் மாறியது.

"உங்கம்மா கொழுப்பால சாகலம்மா," என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார்.

பிள்ளை பெற்றதில் உடம்பு பெருத்துவிட்டதென்று மூத்தவள் முதலில் எண்ணெயை நிறுத்தினாளாம். பிறகு பாலையும் முட்டையையும். அதற்குப் பிறகு சோற்றை. அவர் கெஞ்சியும் பார்த்தாராம், திட்டியும் பார்த்தாராம். டாக்டர்களும் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் துடிக்கத் தெம்பில்லாமல் இதயம் நின்றுபோனது.

அம்மா ஏன் செத்தாள் என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டபோது, சாப்பிடாமலேயே செத்தாள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிவைத்தார். பிள்ளை எண்ணெயைக் கவிழ்த்தபோது தடுக்கவும் இல்லை. சொன்ன சொல் நிற்க வேண்டுமே என்று, அன்றிலிருந்து தானும் மஞ்சள் கருவை ஒதுக்கத் தொடங்கினார்.

மகள் கையை எடுத்துக்கொண்டாள். அவள் அழுவாள் என்று சித்தி எதிர்பார்த்தாள். அழவில்லை.

"அம்மாவுக்குப் பசிச்சுதாப்பா?"

"பசிச்சுது," என்றார் அப்பா. "கடைசி வரைக்கும்."

மகள் கருவில் பாதியைக் கிள்ளி வாயில் போட்டாள். மெல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே வைத்திருந்தாள்.

அவள் விழுங்குவதற்காக இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.